முதல் புத்தகம் யாருக்கு

மகள் வாசிக்கப் பழகின அந்த மாதங்கள் முழுவதும் எனக்கு எரிச்சல். மருந்துக் கடையில் போத்தலில் மருந்து வாங்கிக் குடிக்கிற வயிற்றெரிச்சல் அல்ல. எங்கள் ஊரில் பொறாமையையும் எரிச்சல் என்றுதான் சொல்வோம். அந்த எரிச்சல். அதற்கு எந்தக் கடையிலும் மருந்து விற்பதில்லை.

எரிச்சல் என் கணவரின் தங்கை மேல். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவதில் மட்டும்தான் எங்களுக்குள் சமத்துவம். மற்ற எல்லாவற்றிலும் அவள் ஒரு படி மேலே நின்றாள். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த வீடே அவளுக்குச் சீதனமாக எழுதின வீடு. என் சீதன வீடு வட்டுக்கோட்டையில் வாடகைக்குப் போயிருந்தது. கணவரின் வெங்காயத் தோட்டம் சுன்னாகத்தில் இருந்தபடியால், தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போக முடியாமல் நாங்கள் இங்கேயே இருந்தோம். ஆக, வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, கிணற்றடி வாழையும் அவளுடையது. பிள்ளையாவது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்குவதற்கென்றே கொழும்பில் பயிற்சி எடுத்தவள். பிறகு இங்கே ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். கனடாவில் இருக்கிற ஒருவரோடு பதிவுத் திருமணம் முடிந்ததும், விசா இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். விசா வருகிற மாதிரித் தெரியவில்லை. எனக்கோ கரவெட்டியில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை. காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், பின்னேரம் இரண்டு பஸ் மாறி வருவேன். மகள் மத்தியானம் நேசறிப் பள்ளியால் வந்ததிலிருந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை முழுப் பொழுதும் அவளுக்குத்தான்.

இது புதுக்கதையும் அல்ல. மகள் முதல் அடி வைத்ததும் அவளிடம்தான். அவள் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற மனுசி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டாள். யாருடைய பிள்ளை என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நெல்லியடி வரும்வரை எனக்கு அது நெஞ்சுக்குள் குத்திக்கொண்டே வந்தது. முதல் பல் விழுந்ததும் மச்சாளின் கையில். பல்லை அவளே கூரைக்கு மேலே எறிந்தும் விட்டாள், எனக்குக் காட்டக்கூட வைக்கவில்லை.

அதனால் வாசிப்பு என்று ஒன்று தொடங்கியபோது நான் மனதுக்குள் ஒன்றைத் தீர்மானித்தேன். பிள்ளை ஒரு புத்தகத்தை முதன்முதலாக வாசிக்கிற நாளில் அவளுக்கு முன்னால் நான் இருக்க வேண்டும். நடை போனது, பல் போனது, இது எனக்கு வேண்டும்.

மச்சாள் இங்கிலீசு வாசிக்கப் பழக்கியது ஃபோனிக்ஸ் முறையில். எழுத்தின் பெயரைச் சொல்வதில்லை. எழுத்து எழுப்புகிற சத்தத்தைச் சொல்லி, சத்தங்களை ஒட்டி ஒட்டிச் சொல்லாக்குவது. நான் படித்தது வேறு விதம். சீ ஏ ரீ கற், கற் எண்டால் பூனை. வகுப்பு முழுவதும் தலையை ஆட்டி ஆட்டி ராகத்தோடு கத்துவோம். எனக்கு அந்த ராகத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை. அந்தப் பூனையோடுதான் நான் பரீட்சை பாஸ் பண்ணி அரச வேலையும் எடுத்தேன்.

ஆனால் மச்சாள் கெட்டிக்காரி, அதை ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. கடையில் வாங்கின அட்டைகளில் இருக்கிற பாம்பும் மேளமும் வேண்டாம் என்று, சத்தங்களை எங்கள் வீட்டுக்குள்ளேயே தேடினாள். சூட்டுத் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருகிற ஸ்ஸ் ஒரு எழுத்து. முருங்கைக்காயை முறிக்கும்போது வருகிற க் ஒரு எழுத்து. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் போடுகிற ட் ட் ட் ஒரு எழுத்து. ஆவி பறக்கிற இடியப்பத்தைப் பொறுமையில்லாமல் வாயில் போட்டால் வருகிற ஹ, சிவத்த எறும்பு கடித்தால் வருகிற அ, பாயாசம் குடித்துவிட்டுச் சொல்கிற ம்ம். பிள்ளை வீட்டைச் சுற்றி ஓடி ஓடிச் சத்தம் பொறுக்கினாள். நான் பின்னேரம் வந்து கால் கழுவும்போது, "அம்மா, நீங்கள் தண்ணி ஊத்திறதிலை என்ன எழுத்து இருக்கெண்டு தெரியுமோ?" என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. அவளின் மாமிக்கு, அதுதான் மச்சாளுக்கு, தெரியும்.

மாமி சொன்னவா, மாமி காட்டினவா, மாமி சிரிச்சவா. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இதைத்தான் கேட்டேன். நான் பஸ்ஸில் வாங்கிக்கொண்டு வந்த கச்சான் கடலையைத் தின்றுகொண்டே மகள் மாமியைப் பற்றிக் கதைத்தாள்.

ஒரு போயா நாள். எனக்கு விடுமுறை. மச்சாள் கோயிலுக்குப் போயிருந்தாள். கணவர் தோட்டத்தில். இதுதான் சமயம் என்று எழுத்து அட்டைகளை எடுத்துவைத்து மகளை மடியில் இருத்தினேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதில் முறை எனக்கும் பிடிபட்டிருந்தது என்றுதான் எண்ணம்.

மட்டைக்கு இங்கிலீசில் சொல்கிற பற் என்ற சொல்லுக்கு மூன்று அட்டையை வரிசையாக வைத்து, விரலை வைத்துச் சொன்னேன். "இப். அ. இற். இப்ப சேர்த்துச் சொல்லு பாப்பம்."

அவள் கீழ்ப்படிவோடு சேர்த்தாள். "இப்பஇற்."

"கெட்டிக்காரி," என்றேன்.

அவள் யோசித்தாள். "அது என்னம்மா சாமான்?"

அப்படி ஒரு சாமான் உலகத்தில் இல்லை. எனக்கு எங்கே பிழைத்தது என்று விளங்கவும் இல்லை. தமிழில் மெய்யெழுத்தை இக் இங் இச் என்று முன்னால் ஒரு இ போட்டுத்தானே எல்லோரும் படிக்கிறோம். மகள் மடியால் இறங்கி வெளியே ஓடிப்போய் வேப்பமரத்தில் ஒரு இலை பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதை என் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள்.

"முன்னாலை இ போடக்கூடாதம்மா. வாயை மூடிப்போட்டு, சும்மா, ப். இலை ஆடவேணும்."

நான் சொன்னேன். இலை ஆடவில்லை. அவள் சொன்னாள், ஆடியது. திரும்ப நான். ஆடவில்லை. "பரவாயில்லை அம்மா," என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தடவலும் மச்சாளின் தடவல்தான். பிழை விடுகிற பிள்ளைகளுக்கு அவள் அப்படித்தான் செய்வாள்.

கணவர் வந்ததும், இந்த முறை ஒரு முறையே அல்ல, சத்தம் பழகி எந்தப் பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணும் என்று ஏசினேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றார். அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை அன்று நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

மச்சாள் கோயிலால் வந்ததும் மகள் ஒன்று விடாமல் ஒப்புவித்தாள். மச்சாள் எனக்குத் திருநீறு தந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "குறை நினைக்காதேங்கோ மச்சாள். கொஞ்ச நாளைக்கு வீட்டிலை ஒராள் மட்டும் சொல்லிக் குடுத்தா நல்லது. ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா பிள்ளை குழம்பும்."

"ஓம், ஓம்," என்றேன். "எனக்கெங்கை உதுக்கெல்லாம் நேரம்."

அந்த ஒராள் நான் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. திருநீற்றைப் பூசிக்கொண்டு உள்ளே போய்த் தேவையில்லாமல் உடுப்புகளை மடித்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மோசமான நாள். அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆட்களோடு மாரடித்துவிட்டு, தலையிடியோடு வந்து கதிரையில் சாய்ந்திருந்தேன். மகள் அட்டைகளைத் தரையில் பரப்பி, எந்தச் சத்தம் யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இறைக்கிற மெசின் அப்பா. தோசைக்கல்லு மாமி. க் என்றாலும் மாமிதான், முருங்கைக்காய் முறிக்கிறது அவதானே. ம்ம் மகளுக்கே. பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் ஒரு எழுத்துக் கிடைத்திருந்தது.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "அப்ப அம்மான்ரை எது?"

அவள் நேரத்தை வீணாக்கவில்லை. இரண்டு எழுத்துச் சேர்ந்த ஒரு அட்டையைத் தேடி எடுத்தாள். சுட்டுவிரலை உதட்டில் வைத்தாள். "ஷ்ஷ்."

குசினிக்குள் இருந்து மச்சாள் அவசரமாக எட்டிப் பார்த்தாள். "அது நான் சொல்லிக் குடுக்கேல்லை மச்சாள். சத்தியமா. அவளாய்த்தான் சொன்னவள்."

அவள் சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு அவளோடு சண்டை பிடிக்கவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். பிள்ளை தானாகவே கண்டுபிடித்தது. ஆட்டுக்குக்கூட நல்ல எழுத்து. நான் வீட்டுக்கு வந்து செய்கிற வேலை என்ன என்று பிள்ளை பார்த்திருக்கிறாள், எழுத்தும் தந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. தலையிடி என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனேன்.

அடுத்த நாள் மச்சாளைத் தனியாகப் பிடித்தேன். அவள் கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். வளைத்து வளைத்துக் கதைக்க எனக்கு வராது.

"உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். அவள் முதல் புத்தகம் வாசிக்கிறது எனக்குத்தான் வாசிக்கவேணும். நான் நிக்கிற நேரம். என்ரை மடியிலை."

"ஓம் மச்சாள். அதுக்கென்ன," என்றாள்.

இவ்வளவு இலேசாக அவள் விட்டுத்தந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. நிறைய வைத்திருக்கிறவர்கள்தான் அப்படித் தூக்கித் தருவார்கள். அவள் அன்றைக்கே அந்தப் புத்தகத்தை என் அலுமாரிக்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். சின்னப் புத்தகம். பூனை ஒன்று பாயில் ஏறி இருப்பதுதான் முழுக் கதையும். இந்தப் பூனைக்குத்தான் வீட்டில் இவ்வளவு போர். நான் அலுமாரிக்கு மேலே தூசி தட்டுவதை நிறுத்தினேன். ஒவ்வொரு பின்னேரமும் கதிரையில் ஏறி, புத்தகத்தின்மேல் விரல் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவேன். கணவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன, பல்லியோ?" என்று கேட்டார். ஓம், பல்லி என்றேன்.

மகள் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். ப், அ, ஸ் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் வாயைத் திறந்தபடி நிற்பாள், பிறகு பஸ் என்பாள். சொல் வெளியே வருகிற அந்த இடத்தில் அவள் முகம் வெளிக்கும். அதைப் பார்த்த நாட்களில் எனக்கு எரிச்சல்கூட மறந்துபோகும். பிறகு அவள் திரும்பி மாமியைப் பார்ப்பாள், எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அப்போதுதான் விசா வந்தது. மச்சாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நான் சந்தோசத்தில் நண்டு வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி காய்ச்சினேன். கணவர் ஒரு காலைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி போறதுக்கு உமக்கு உவ்வளவு சந்தோசமோ?"

"அவவுக்கு நல்லது நடக்குதெண்டுதான்," என்றேன். "போனாப் பிறகு வீடு வெறிச்சோடிப்போகும், பாவம்."

"பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டாதையும்," என்றார்.

மகளுக்கு மட்டும் கனடா என்றால் என்ன என்று விளங்கவில்லை. மச்சாளின் சட்டையைப் பிடித்து இழுத்து, "எப்ப போவியள்?" என்று கேட்டாள். மச்சாள் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். "இப்ப இல்லைக் குஞ்சு. நீ அந்தப் பூனைப் புத்தகம் வாசிச்ச பிறகுதான் மாமி போவன்."

எனக்கென்று கேட்டு வாங்கின நாளை அவள் தன் பயணத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நண்டுக் கோதுகளைப் பொறுக்கினேன்.

அந்த வாரக் கடைசியில் மச்சாள் பிள்ளை ஆயத்தம் என்றாள். நான் தலை முழுகி, மகளுக்கும் தலை இழுத்துப் பின்னிவிட்டு, புத்தகத்தை இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். மடியில் இருத்தினேன். மச்சாள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தூரத்தில், கதவோரம் நின்றாள். மகள் முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"தெரியேல்லை," என்றாள்.

"முதல் எழுத்தைச் சொல்லு."

"தெரியேல்லை."

மச்சாள் கிட்ட வந்தாள். முருங்கைக்காய் முறிப்பது போலக் கையால் காட்டினாள். பிள்ளை அந்தக் கையைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துவிட்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டது. நேற்று வரைக்கும் சொன்ன பிள்ளை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாட்களிலும். எறும்பும் தெரியாது, தோசைக்கல்லும் தெரியாது, இறைக்கிற மெசினும் தெரியாது.

மச்சாளின் முகம் வாடிப்போனதைப் பார்த்தபோது என் மனதுக்குள் முதலில் வந்தது சந்தோசம்தான். கொழும்பில் பயிற்சி எடுத்தவளின் சத்தமெல்லாம் இவ்வளவுதானா என்று ஒரு சின்னக் குரல் உள்ளே கேட்டது. ஆனால் அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. தையில் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். எழுத்தைக் கண்டால் வாயை மூடுகிற பிள்ளையை எப்படி அனுப்புவது? அதைவிட, எனக்கு வர வேண்டிய நாள் வராமலே போய்விடப் பார்த்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. நான் கெஞ்சினேன், ரொபி வாங்கித் தருகிறேன் என்றேன், ஏசினேன். மச்சாள் ஏசவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அட்டைகளோடு பொறுமையாக இருந்துவிட்டு, பிறகு அறைக்குள் போய்ப் பெட்டி அடுக்கினாள். பிளேன் ரிக்கற் போட்டாயிற்று.

அவளுக்குச் சாமான் வாங்கவென்று ஒரு நாள் லீவு எடுத்து நின்றேன். மத்தியானம் மகளை ஏற்றி இறக்குகிற ஓட்டோ வாசல் படலையில் வந்து நின்றது. நானும் மச்சாளும் இரண்டு பேருமே படலைக்குப் போனோம். இந்த விடயத்தில் இரண்டு பேரும் போவோம், எப்போதும். மகள் குதித்து இறங்கிக் கிணற்றடிக்கு ஓடிவிட்டாள். ஓட்டோக்காரர் எங்கள் ஊர்க்காரர், பேரப்பிள்ளைகள் கண்டவர். ஓட்டோவை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, உங்கடை பிள்ளை விண்ணி, பெரிய கெட்டிக்காரி. றோட்டிலை ஒரு கடைப் போட் விடாமல் எல்லாம் வாசிக்குது. பஸ் எண்டுது, காஸ் எண்டுது. சந்தைக்குள்ளை வெங்காய லொறியிலை எழுதிக் கிடக்கிறதையும் எழுத்துக் கூட்டுது. நான் மெதுவாத்தான் ஓடவேண்டிக் கிடக்கு."

 

"எப்பவிருந்து அண்ணை?" என்று மச்சாள்தான் கேட்டாள்.

"அது ஒரு ரெண்டு மூண்டு கிழமை இருக்கும். வீட்டிலையும் வாசிச்சுக் காட்டு பிள்ளை எண்டனான். மாட்டனெண்டிச்சுது. ஏனெண்டு கேட்டா, வீட்டிலை வாசிச்சா மாமி போயிடுவாவாம்." அவர் அதையும் ஒரு பகிடியாகத்தான் சொன்னார். "உதுகளின்ரை மூளையைப் பாருங்கோவன்."

ஓட்டோ போன பிறகும் நாங்கள் படலையில் நின்றோம். என் முதல் கோபம் ஓட்டோக்காரர் மேல். இரண்டு பெண்கள் மாதக்கணக்கில் பிடுங்குப்பட்ட ஒன்றை, வெங்காய லொறிக்குப் பின்னால் ஓட்டோவில் இருந்துகொண்டு அந்த மனுசன் வாங்கிவிட்டார். அவருக்கு அது என்னவென்றும் தெரியாது. அடுத்த கோபம் பிள்ளை மேல். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லு இல்லை. கல்லாக இருந்திருந்தால் எனக்கு வலித்திருக்காது. ஒருத்தியைப் போக விடாமல் வைத்திருக்கத் தன் வாயையே கட்டி வைத்திருக்கிற பிள்ளை. நான் தினமும் காலையில் போகிறேன். எனக்காக அவள் எதையாவது கட்டி வைத்தாளா என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், வேறு நல்லதாக ஒன்றையும் நினைக்கவில்லை.

மச்சாள் குசினிக்குள் போய் நிலத்தில் இருந்துவிட்டாள். பெரிய ஆள் மாதிரி அழவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். நான் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"நான் அவளைச் சமாளிக்கிறதுக்கு ஒரு கதைக்குச் சொன்னனான்," என்றாள். "உவள் உதைப் பிடிச்சு வைச்சிருக்கிறாள்."

"எனக்கும் வாசிக்கேல்லை, உமக்கும் வாசிக்கேல்லை," என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் என் எண்ணம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கென்ன மச்சாள். நாளைக்கும் வாசிப்பாள். நாளையிண்டைக்கும் வாசிப்பாள். பெரிசா வளந்து, போதும் போதுமெண்டிற அளவுக்கு வாசிப்பாள்."

இத்தனை நாளும் அவள் வைத்திருக்கிறவள், நான் இல்லாதவள் என்று கணக்குப் போட்டிருந்தேன். விசா எப்போது வரும் என்று அவளைவிட நான்தான் கூடப் பார்த்திருந்தேன். வெல்லப் போவது நான்தான் என்பது அவளுக்கு எவ்வளவு காலமாகத் தெரிந்திருக்கிறது என்று யோசித்தேன். கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டு ஓம் மச்சாள் என்று சொன்னபோதே தெரிந்திருக்கும்.

மகள் முகம் கழுவி, சட்டை முன்பக்கம் நனைந்து வந்தாள். மாமி அழுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அவளைக் கிட்டக் கூப்பிட்டேன்.

"இஞ்சை பார். நீ வாசிச்சாலும் மாமி போவா. வாசிக்காட்டிலும் போவா. ரிக்கற் எடுத்தாச்சு."

"மச்சாள்," என்றாள் அவள், தடுக்கிற குரலில். நான் நிற்பாட்டவில்லை. நல்லதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தாள். இதைச் சொல்வதற்கும் ஒருத்தி வேண்டும்.

"மாமி நல்லா இருக்கத்தான் போறா. நீ வாசிச்சதாலை இல்லை."

மகள் ஓவென்று அழுதாள். என்னிடம் அழவில்லை, ஓடிப்போய் மச்சாளின் மடிக்குள் விழுந்துதான் அழுதாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ, அழுவதிலும் நான் வெளியே நின்றேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. போய் இறக்கி வைத்தேன்.

அழுது முடித்து விக்கல் வந்த பிறகு மகள் தலையைத் தூக்கினாள். மச்சாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அப்ப வாசிக்கட்டோ அம்மா?"

"ஓம்," என்றேன்.

"ஆருக்கு?"

எனக்கு என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. நான் போய் அலுமாரிக்கு மேலே இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். "மாமிக்கு வாசி," என்றேன். "அறைக்குள்ளை போய் வாசி. இஞ்சை எனக்கு வேலை கிடக்கு."

அவர்கள் போனார்கள். மச்சாள் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரித் துருவின தேங்காய்ப்பூவை அள்ளிக் கிறைண்டருக்குள் போட்டேன். மனது வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி மனதோடுதான் சொன்னேன், மற்றப் பாதிக்கு அது கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் கிறைண்டரைப் போட்டேன். அந்தக் கிறைண்டர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகூட ஓடும்.

சம்பலுக்கு வேண்டிய அளவைத் தாண்டி அரைத்தேன். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது, பூனையும் பாயும்தானே, எவ்வளவு மெதுவாக எழுத்துக் கூட்டினாலும் இதற்குள் முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து நிறுத்தினேன்.

அறைக்குள் இன்னும் வாசிப்புக் கேட்டது. ஒரு எழுத்து, ஒரு நிறுத்தம், பிறகு அடுத்த எழுத்து. பூனை அப்போதுதான் பாய்க்கு வந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கம் முடிந்து புத்தகம் மூடுகிற சத்தமும் கேட்டது. பிறகு மச்சாளின் குரல், அடைத்த மூக்கோடு, "இன்னொருக்கா, முதலிலை இருந்து வாசி குஞ்சு," என்றது.

நான் கிறைண்டரைத் திரும்பப் போட்டேன்.